சமையலறை, குளியலறை புதுப்பிப்பு: கையில் உள்ள தொகையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி இதுதான்: சமையலறையையும் குளியலறையையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும். கையில் ஒரு தொகை இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. மூன்று கான்ட்ராக்டர்களிடம் கேட்டதில் ஒருவர் சொன்னதைப் போல இன்னொருவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்கிறார். பணத்தை எப்படிப் பிரிப்பது, எங்கே குறைக்கலாம், போதாவிட்டால் எதை முதலில் எடுப்பது?

பெரும்பாலானோர் டைல்ஸ் கடையிலிருந்தும் கேபினட் ஷோரூமிலிருந்தும் தொடங்குகிறார்கள். கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் கூட்டிப் பார்த்து, மிஞ்சியதைப் பைப்புக்கும் ஒயரிங்குக்கும் வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் ஒதுக்குகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பட்டியலில் வரும் ஒவ்வொரு பொருளையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது கெட்டுப்போனால் மாற்றுவதற்கு எதையெல்லாம் உடைக்க வேண்டும்?

ஷவர் தலை கெட்டால் கையாலேயே கழற்றி மாட்டிவிடலாம். அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும். ஆனால் சுவருக்குள் இருக்கும், சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் மிக்சர் வால்வ் ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டும். அதே டைல்ஸ் திரும்பக் கிடைக்காவிட்டால் அந்தச் சுவர் முழுவதையும் மாற்ற நேரிடும். தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் தோற்றால் குளியலறையே மறுபடி முதலிலிருந்து. அதனால் உடைத்தால்தான் மாற்ற முடியும் என்கிற பொருள்களுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள், அதிலும் நல்லதாக. கழற்றி மாட்டக் கூடியவற்றுக்கு மிச்சம் இருப்பது போதும். இன்று சாதாரணமானதைப் போட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்து நல்லதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால் மொத்தத் தொகையை 100 பங்காக வைத்துக்கொண்டு பேசுகிறேன். முதலில் 15 பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். அது எதிர்பாராத செலவுக்கு. வீடு ஓரளவு புதியது என்றால் 10 போதும். பழைய வீடு, பழைய பைப், ஏற்கெனவே ஈரம் கசிகிற சுவர் என்றால் 20 வேண்டும். அடுத்து 5 பங்கு, வேலையில் சேராத செலவுகளுக்கு: இடிபாட்டை அள்ளிக் கொண்டுபோவது, பொருள்களை ஏற்றி இறக்குவது, அனுமதிக் கட்டணம் இருந்தால் அது, சமையலறை மூடியிருக்கும் நாட்களில் வெளியே சாப்பிடுவது. கொட்டேஷனில் இவை பெரும்பாலும் இருக்காது. மிஞ்சும் 80ல் சமையலறைக்கு 50, குளியலறைக்கு 30 என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் புள்ளி.

குளியலறையின் 30ல் இடிப்பு, பைப், ஒயரிங், வாட்டர்ப்ரூஃபிங், தரை மட்டம் எல்லாம் சேர்ந்து 12. டைல்ஸும் பதிக்கும் கூலியும் 10. கம்மோட், வாஷ்பேசின், குழாய்கள், கண்ணாடி, கதவு என்று 8. சமையலறையின் 50ல் அலமாரிகளுக்கு 20, மேடைக் கல்லும் சிங்க்கும் 8, அடுப்பு, புகைபோக்கி போன்ற சாதனங்களுக்கு 8, மீதி 14 பைப், ஒயரிங், கொத்தனார் வேலை, சுவர் டைல்ஸ், பெயிண்ட். இது சட்டம் அல்ல, ஒரு தொடக்கம். உங்கள் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வீங்கியிருக்கிறது என்று தெரியும். அலமாரிக்கு மட்டும் 35 போகிறது என்றால் வேறெங்கோ ஏதோ பட்டினி கிடக்கிறது. அது பெரும்பாலும் சுவருக்குள் போகும் பொருளாகத்தான் இருக்கும்.

சரி, குளியலறையிலிருந்து தொடங்குகிறேன். பரப்பளவில் சின்னது, ஆனால் சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் வீட்டிலேயே அதிகச் செலவு பிடிக்கும் அறை அதுதான். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், டைல்ஸ் பதிப்பவர் என்று எல்லோரும் அந்தச் சின்ன இடத்துக்குள் முறை வைத்து வந்துபோக வேண்டும். ஆளுக்கு அரை நாள் வேலை என்றாலும் பல இடங்களில் முழு நாள் கூலிதான். பொருளில் எவ்வளவு குறைத்தாலும் கூலி அப்படியே நிற்கும் என்பதால், மலிவான டைல்ஸ் வாங்கினால் குளியலறைச் செலவு பாதியாகிவிடும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை.

டைல்ஸ் கணக்கை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். 8க்கு 5 அடி குளியலறை, தரை 40 சதுர அடி. பலரும் அந்த 40ஐத்தான் மனதில் வைத்திருப்பார்கள். சுற்றளவு 26 அடி. 7 அடி உயரம் வரை டைல்ஸ் என்றால் சுவர் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவுக்கு 17.5 கழித்தால் 164.5. தரையோடு சேர்த்து 204.5. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 225 சதுர அடி. அதாவது தரையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இப்போது, "கூரை வரை டைல்ஸ் போட்டால் நன்றாக இருக்குமே" என்று யாராவது சொன்னால், 10 அடி உயரத்துக்கு அதே கணக்கு 311 வரும். ஒரு வாக்கியத்தில் டைல்ஸும், டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும், கூலியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டன.

மறுபக்கமும் உண்டு. தண்ணீர் நேராக அடிக்கும் ஷவர் மூலையில் 8 அடி நீளச் சுவருக்கு மட்டும் 7 அடி உயரம், மற்ற சுவர்களில் 4 அடி, அதற்கு மேல் ஈரம் தாங்கும் பெயிண்ட் என்று வைத்தால், சேதாரத்தோடு 174 சதுர அடியில் முடிந்துவிடும். பார்க்கவும் மோசமாக இருக்காது. எனக்கு இந்த அமைப்பே பிடிக்கும். நாலு பக்கமும் கூரை வரை டைல்ஸ் பதித்த சின்ன அறை கண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்.

பெரிய டைல்ஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 600க்கு 1200 மில்லிமீட்டர் டைல்ஸ் கடையில் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதற்குச் சுவர் தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக இருக்க வேண்டும். பழைய சுவர் அப்படி இருக்காது. பூச்சை இடித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியிருக்கும். பதிக்க இரண்டு பேர் வேண்டும். வெட்டில் போகும் சேதாரம் 15 சதவீதம் வரை எட்டும். டைல்ஸ் விலை கொட்டேஷனில் தெரியும், இந்த மூன்றும் தெரியாது. ஷவர் தரையில் எனக்குச் சின்ன டைல்ஸ்தான் சரி. வாட்டம் கொடுக்க வளைந்து கொடுக்கும், கிரவுட் கோடுகள் அதிகம் என்பதால் கால் அவ்வளவு வழுக்காது.

வாட்டம் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். குளியலறைத் தரை, தண்ணீர் போகும் வழியைப் பார்த்து 100க்கு 1 முதல் 50க்கு 1 வரை சரிய வேண்டும். 8 அடி நீளத்துக்கு அது ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம். இந்தச் சரிவு டைல்ஸுக்கு அடியிலேயே, வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் முன்பே உருவாக வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங்கைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓர் அடியாவது ஏற்ற வேண்டும். ஷவர் பகுதியில் ஆள் உயரத்துக்கு. பைப் தரையைத் துளைத்து இறங்கும் இடங்களிலும் சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும்தான் பெரும்பாலான கசிவு தொடங்குகிறது. பூசிக் காய்ந்த பிறகு தரை வடிகாலை அடைத்து, தண்ணீர் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்த் தளத்துக் கூரையில் ஈரம் தெரியக் கூடாது, தண்ணீர் மட்டமும் ஆவியாவதைத் தவிர இறங்கக் கூடாது. இந்தச் சோதனைக்குச் செலவு என்று எதுவும் இல்லை. ஆனால் இதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொன்னால் சிலர் முகம் மாறும். அதுவும் ஒரு தகவல்தான்.

பைப்பிலும் இதே மாதிரி. பழைய இரும்பு பைப் உள்ளே துருப்பிடித்திருந்தால், பாதி மாற்றிப் பாதியை விடுவது வீண் சிக்கனம். சுவரைத் திறந்திருக்கும்போதே முழுவதும் மாற்றுங்கள். புதிய பைப்பைப் பூசி மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்திப் பார்ப்பது பொதுவான நடைமுறை. மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.

மழை போல் கொட்டும் பெரிய ஷவர் வேண்டும் என்கிறவர்கள் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். அதில் அந்த ஷவர் சொட்டும், கொட்டாது. கொட்ட வேண்டுமானால் பம்ப் வேண்டும். பம்புக்கு இடம், மின் இணைப்பு, சத்தம் எல்லாம் கூடவே வரும். ஆசைப்பட்டது ஷவர், செலவானது பம்புக்கு.

செலவை ஏற்றுவதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது இடமாற்றம். கம்மோட்டை எதிர்ச் சுவருக்கு, சிங்க்கை ஜன்னலுக்கு அடியில் என்று வரைபடத்தில் நகர்த்துவது சுலபம். கம்மோட்டின் கழிவுக் குழாய் 110 மில்லிமீட்டர். அதை 2 மீட்டர் தள்ளி வைத்தால், 50க்கு 1 வாட்டத்தில் 40 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். இரண்டையும் கூட்டினாலே 150. அதன் மேல் தரைக் கலவை, டைல்ஸ். ஆக, குளியலறைத் தரையை அரை அடிக்கு மேல் உயர்த்தி ஒரு படி வைக்க வேண்டும், அல்லது தளத்தைத் துளைத்து, கீழே இருப்பவர் கூரைக்கடியில் குழாயைத் தொங்கவிட வேண்டும். அடுக்குமாடியில் இரண்டாவது வழிக்குக் கீழ்வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். வாஷ்பேசினை நகர்த்துவது அவ்வளவு கஷ்டம் இல்லை, அதன் குழாய் சின்னது. எனவே கம்மோட்டும் தரை வடிகாலும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டு மற்றதை யோசியுங்கள். சமையலறையில் சிங்க்குக்கும் இதே அறிவுரை. சுவரையே எடுத்துவிட்டுச் சமையலறையைத் திறந்து வைக்கும் யோசனை இருந்தால், அது சுமை தாங்கும் சுவரா என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை கான்ட்ராக்டரிடம் பேச்சே எடுக்காதீர்கள்.

சமையலறையில் பணம் போகும் இடம் அலமாரிகள். இங்கே ஓட்ட அடிக்கு, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அதை வைத்து இரண்டு கொட்டேஷனை ஒப்பிட முடியாது. ஒருவர் கதவுக்குப் பின்னால் வெறும் தட்டு வைக்கிறார். இன்னொருவர் அதே இடத்தில் மூன்று இழுப்பறை வைக்கிறார். ஒவ்வோர் இழுப்பறைக்கும் அது ஓடுவதற்கான ஒரு ஜோடி சேனல், தனி முகப்பு, தனிப் பெட்டி. ஓட்ட அடி ஒன்றுதான், சரக்கு வேறு. மூலை அலமாரிக்குள் சுழலும் தட்டு, இழுத்தால் வெளியே வரும் கம்பிக்கூடை எல்லாம் கூட்டிக்கொண்டே போகும். அதனால் எத்தனை கதவு, எத்தனை இழுப்பறை, என்ன பலகை, என்ன கீல் என்று எண்ணிக்கையில் கேளுங்கள்.

பலகையில் சிக்கனத்துக்கு இடம் உண்டு, ஆனால் இடம் பார்த்துச் செய்ய வேண்டும். சிங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு நீர் தாங்கும் பிளைவுட் கட்டாயம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை தண்ணீர் குடித்தால் ஊதிவிடும், பிறகு அமுங்காது, திருகாணியும் பிடிக்காது. மேல் அலமாரிகளில் அவ்வளவு ஈரம் இல்லை, அங்கே மலிவான பலகை தாங்கும், ஓரங்கள் எல்லாப் பக்கமும் பட்டை ஒட்டி மூடப்பட்டிருந்தால். கீலிலும் சேனலிலும் குறைக்காதீர்கள். அவை கழற்றி மாட்டக் கூடியவைதான், என் விதிப்படி கடைசியில் வர வேண்டியவை. ஆனாலும் தினமும் முப்பது நாற்பது தடவை இழுத்து மூடுகிற பொருளுக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுக்கிறேன்.

பழைய அலமாரிகளைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை. சிங்க்குக்கு அடியில் உள்ள தளப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கீல் திருகாணிகளை அசைத்துப் பாருங்கள். பலகை கெட்டியாக இருந்தால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கதவு, கீல், கைப்பிடி மட்டும் மாற்றலாம். பார்ப்பவருக்குப் புதுச் சமையலறைதான். 20 பங்கில் நல்ல பாதி மிஞ்சும். சமையலறைச் செலவில் இதைவிடப் பெரிய சேமிப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

மேடைக்குக் கிரானைட், குவார்ட்ஸ், மார்பிள் மூன்றும் கேட்பார்கள். மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் இனம். எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு பட்டால் அரித்துத் தடம் விழும். குவார்ட்ஸில் கல்தூளைப் பிணைப்பது பிசின், கொதிக்கும் பாத்திரத்தை நேராக வைத்தால் நிறம் மாறலாம். கிரானைட் சூடு தாங்கும். அவ்வப்போது மேலே சீலர் பூசினால் கறையும் எளிதில் பிடிக்காது. நான் கிரானைட் பக்கம். எதை எடுத்தாலும் கல் வெட்டுவதற்கு முன் சிங்க்கும் அடுப்பும் கையில் வந்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஓட்டை வெட்டிய கல்லை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

மின்சாரத்தை மறக்கும் இடமும் சமையலறைதான். 7 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் வரை இழுக்கும். குளியலறையில் 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 13 ஆம்பியர். பாத்திரம் கழுவும் இயந்திரம், ஓவன் எல்லாம் சேர்ந்தால் பழைய மெயின் போர்டே போதாமல் போகலாம். வீட்டுக்கு வரும் இணைப்பை உயர்த்த வேண்டுமா என்று எலக்ட்ரீஷியனிடம் முதல் வாரமே கேளுங்கள். அது தனிச் செலவு, தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. ஒவ்வொரு பெரிய சாதனத்துக்கும் தனி ஒயர், தனி பிரேக்கர். இரண்டு அறைகளுக்கும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் கட்டாயம். இதில் பேரம் பேசாதீர்கள்.

இனி அந்த இரண்டு மடங்கு வித்தியாசம். மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்கள் மூன்று வெவ்வேறு வேலைக்குச் சொல்லியிருக்கிறார்கள். குறைந்த தொகை சொன்னவர் கூலியை மட்டும் சொல்லியிருக்கலாம். அல்லது வாட்டர்ப்ரூஃபிங்கை விட்டிருக்கலாம். அல்லது டைல்ஸுக்கு "சதுர அடிக்கு இவ்வளவு வரை" என்று, நீங்கள் எடுக்கவே போகாத ஒரு விலையை உத்தேசமாகப் போட்டிருக்கலாம். இந்த உத்தேசத் தொகைகள்தான் பின்னால் குட்டி போடும். இடிபாடு அகற்றுவது, சுவர் சமன் செய்வது, கிரவுட், டைல்ஸ் ஓரம் சாய்வாக வெட்டுவது, பைப்புக்கும் ஒயருக்கும் சுவரில் காடி வெட்டிய இடத்தைப் பூசுவது, இவையெல்லாம் ஒருவர் கணக்கில் உண்டு, இன்னொருவர் கணக்கில் எக்ஸ்ட்ரா.

தீர்வு எளிது, ஆனால் ஒரு சனி ஞாயிறு பிடிக்கும். வேலைப் பட்டியலை நீங்கள் எழுதுங்கள். அறை வாரியாக, இடிப்பதில் தொடங்கிப் பெயிண்ட் வரை, ஒவ்வொரு வரிக்கும் அளவோடு. குழாய், கம்மோட், டைல்ஸ், சிங்க் எது என்று மாடல் பெயரோடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பொருளை யார் வாங்குவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அதே தாளை மூவருக்கும் கொடுத்து வரிக்கு வரி விலை கேளுங்கள். இப்போது வித்தியாசம் பெருமளவு சுருங்கும். சுருங்காமல் நிற்கும் வரிகளில்தான் பேச வேண்டும்: "இந்த வரிக்கு மட்டும் ஏன் பாதி விலை?" என்று கேட்டால், எதை விட்டிருக்கிறார் என்பது வெளியே வந்துவிடும். அப்படியும் ஒருவர் மட்டும் மிகவும் கீழே நின்றால் நான் அவரை எடுக்கமாட்டேன். நடுவில் அவர் வேலையை நிறுத்தினால், பாதியில் விட்ட குளியலறையைத் தொட இன்னொருவர் கேட்கும் விலை, முதலிலேயே நல்லவருக்குக் கொடுத்திருக்க வேண்டியதைவிட அதிகம்.

எக்ஸ்ட்ரா வேலை வரத்தான் செய்யும். அதற்கான கூலி விகிதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் எந்த மாற்றம் வந்தாலும், என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று ஒரு குறுஞ்செய்தியிலாவது பதிவான பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்ற சொல்லுக்குக் கடைசிப் பில்லில் ஒரு விலை இருக்கும்.

பணம் கொடுப்பதைத் தேதியோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். முன்பணம் 10 பங்கு, அதைத் தாண்ட வேண்டாம். தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்யும் அலமாரிக்கு மட்டும் அதன் விலையில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுக்க வேண்டிவரும். பிறகு இடிப்பும் பைப்பும் அழுத்தச் சோதனையும் முடிந்ததும் ஒரு தவணை. தண்ணீர் தேக்கிய சோதனை தேறியதும் ஒன்று. டைல்ஸ் முடிந்ததும் ஒன்று, அலமாரி பொருத்தியதும் ஒன்று. கடைசி 5 முதல் 10 சதவீதத்தை, நீங்கள் இரண்டு மூன்று வாரம் குளித்துச் சமைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். சின்னக் குறைகளைச் சரிசெய்ய ஆளைத் திரும்ப வரவைப்பது அந்தப் பணம்தான்.

எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய 15 பற்றி ஒரு வார்த்தை. டைல்ஸை உடைத்த பிறகு தெரியும் துருப்பிடித்த கம்பி, கரையான், உளுத்த மரம், யாரோ எப்போதோ போட்ட விநோதமான ஒயரிங் இவற்றுக்குத்தான் அது. பழைய வீட்டில் கூரைத் தகடு, குழாய், தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் உடைக்காமல் நிறுத்திச் சோதிக்க வேண்டும். அகற்றத் தனி ஆட்கள், தனிச் செலவு. சுவர்கள் மூடும் வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். பாதி வேலையில் நல்ல குழாய் ஒன்று கண்ணில் பட்டு, "அதான் 15 இருக்கே" என்று தோன்றும். பூச்சு முடிந்து, டைல்ஸும் பதிந்த பிறகு அதில் மிச்சம் இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டினால் மிச்சமாகுமா என்றும் பலர் கேட்பார்கள். இடிப்புச் செலவு மிச்சம்தான். ஆனால் தரை 15 மில்லிமீட்டர் அளவுக்கு உயரும், கதவு அடியை அறுக்க வேண்டும், வடிகால் வாயை ஏற்ற வேண்டும், சுவிட்ச் பெட்டிகள் உள்ளே போய்விடும். பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை, கசிவும் இல்லை என்றால் சமையலறைச் சுவரில் செய்யலாம். கசியும் குளியலறையில் செய்தால் நோயை உள்ளே வைத்துத் தைத்தது போலத்தான்.

இரண்டையும் ஒன்றாகச் செய்வதில் லாபம் உண்டு, முக்கியமாக இரண்டும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால். இடிப்பு ஒருமுறை, வண்டி ஒருமுறை, பிளம்பர் ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பைப் இழுத்துவிடுவார். வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால் மட்டும் சமையலறையின் இடிப்பை ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள். குளிக்கவும் வழியில்லை, சமைக்கவும் வழியில்லை என்ற நிலையில் மனிதர்கள் தவறான முடிவுகளை அவசரமாக எடுப்பார்கள்.

கணக்குப் போட்டும் பணம் போதவில்லை என்றால்? குளியலறை கசிகிறதென்றால் அதுதான் முதல். கசிவு நிற்காமல் தளத்துக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கும், பழைய அலமாரி ஓரம் உரிந்து கிடப்பது யாரையும் ஒன்றும் செய்யாது. குளியலறையை முழுதாக முடித்துவிட்டு, சமையலறையில் உடைக்க வேண்டிய வேலையை மட்டும் இப்போதே செய்யுங்கள்: பைப், ஒயரிங், புகைபோக்கிக்கான துளை, பின்னால் வாங்கப் போகும் சாதனங்களுக்கான இணைப்புகள் எல்லாவற்றையும் போட்டு முனைகளை மூடி வையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேடைக்கு அடியில் 600 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். இப்போதைக்கு அங்கே ஒரு கூடை நிற்கட்டும். கீழ் அலமாரிகளும் மேடையும் இப்போது, மேல் அலமாரிகள் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வரும் ஆசாரிக்குச் சுவரில் துளை போடுவதைத் தவிர வேறு எதையும் தொட வேண்டியிருக்காது. எந்த இடத்தில் போடக் கூடாது என்பதற்கு நீங்கள் எடுத்து வைத்த புகைப்படங்களைக் காட்டுங்கள்.